ஒரு திருப்பத்துக்கு மூன்று லட்சம்

"படி நேரா போகுதுங்களா, நடுவுல திரும்புதுங்களா?"

மாடிப்படியில் ஏறி இறங்கும் நாற்காலிக்கு என்ன விலை என்று கேட்டுச் சென்னையில் எந்தக் கம்பெனிக்கு போன் போட்டாலும், விலைக்கு முன்னால் இந்தக் கேள்விதான் வரும். போன் போட்டவர் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துக்காரர் என்றால் அநேகமாக "திரும்புது" என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும். சொன்ன மாத்திரத்தில் விலை இரட்டித்துவிடும்.

ஸ்டேர்லிஃப்ட் நம் ஊர்த் தெருக்களில் இன்னும் அதிகம் புழங்காத பொருள். பொருள் சிக்கலானது இல்லை. படிகளின் ஓரமாகச் சுவரை ஒட்டி ஒரு தண்டவாளம், அதன்மேல் ஒரு நாற்காலி. உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டு, கைப்பிடியில் இருக்கும் பொத்தானை அழுத்திப் பிடித்தால் நாற்காலி மெல்ல ஏறும். விரலை எடுத்தால் நின்றுவிடும். மேலே போனதும் இருக்கை வராந்தா பக்கமாகத் திரும்பிக்கொள்ளும். படி விளிம்பில் நின்று தடுமாற வேண்டாம். வினாடிக்கு 15 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பது ஐரோப்பியத் தரவிதி. பத்தடி உயர மாடிக்குப் போய்ச் சேர அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். அவசரக்காரர்களுக்கான வண்டி இல்லை அது.

பழைய ஆங்கிலப் படம் பார்ப்பவர்கள் இதை 1957இல் வந்த 'விட்னஸ் ஃபார் த பிராசிக்யூஷன்' படத்தில் பார்த்திருப்பார்கள். இதய நோயாளியான வக்கீலுக்காக வீட்டில் பொருத்திய நாற்காலியில் அவர் சின்னப் பிள்ளை ராட்டினம் ஏறியதுபோல் மேலும் கீழும் போய் வருவார். அதற்கும் முன்பே, 1920களில், அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் சி. சி. கிறிஸ்பென் என்பவர் மாடியை விட்டு இறங்க முடியாமல் படுத்துவிட்ட நண்பருக்காக இப்படி ஒரு சாய்வு நாற்காலியைச் செய்தார். எந்த இன்ஜினியரிங் கல்லூரியிலும் படிக்காமல் தானே கற்றுக்கொண்டு செய்த மனிதர். இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றிக்கு, உடம்பு பெருத்து நடக்க முடியாமல் போன கடைசிக் காலத்தில், வேலைக்காரர்கள் கயிறு கட்டி இழுக்கும் நாற்காலி ஒன்று அரண்மனையில் இருந்ததாக வரலாற்றாசிரியர் டேவிட் ஸ்டார்க்கி 2009இல் சொன்னார். ராஜாவாக இருந்தாலும் முட்டி முட்டிதான்.

சரி, திருப்பத்துக்கு வருவோம்.

இந்தியச் சந்தையில் இன்று நேர்ப்படிக்கான ஸ்டேர்லிஃப்ட் ஏறக்குறைய 2.5 லட்சத்திலிருந்து 4 லட்சம் ரூபாய் வரை சொல்கிறார்கள். படி ஓரிடத்தில் வளைந்தால் பேச்சே 6 லட்சத்தில்தான் தொடங்கும். பத்தைத் தாண்டுவதும் உண்டு. நாற்காலி, மோட்டார், பேட்டரி எல்லாம் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றுதான். வித்தியாசம் தண்டவாளத்தில். நேர்த் தண்டவாளம் கடையில் சரக்காகக் கிடக்கும் பொருள். வீட்டுக்கு வந்து நீளத்துக்கு அறுத்துப் பொருத்திவிட்டு ஒரே நாளில் போய்விடுவார்கள். வளைவுத் தண்டவாளத்தை அந்த வீட்டுப் படியை அங்குலம் அங்குலமாக அளந்து, அந்த அளவை வெளிநாட்டுத் தொழிற்சாலைக்கு அனுப்பி, அந்த ஒரு வீட்டுக்கென்றே வளைத்து வாங்க வேண்டும். பக்கத்து வீட்டுப் படிக்குக்கூட அது சேராது. தையல்காரர் தைத்த ஜாக்கெட்டைப் போலத்தான்.

இந்த வளைவு எங்கிருந்து வந்தது? கொத்தனாரைக் குறை சொல்ல முடியாது. வீட்டுப் படியின் உயரம் 190 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, ஒரே ஓட்டத்தில் 15 படிக்கு மேல் வரக் கூடாது என்பது தேசியக் கட்டட விதித்தொகுப்பின் கணக்கு. பத்தடி மாடிக்கு இந்த உயரத்தில் 16 படியாவது தேவை. ஆக, நடுவில் ஒரு சதுரத் திண்டு வந்தே தீரும். அதோடு மனை அகலம் குறைவு. படியை நேராக இழுத்தால் 13 அடிக்குக் குறையாமல் ஓடும். பாதியில் திருப்பிவிட்டால் ஒரு மூலையில் அடங்கிவிடும். விதி என்ன சொல்கிறது என்று தெரியாத மேஸ்திரியும் இடம் மிச்சம் என்பதற்காகவே திருப்பியிருப்பார்.

காஞ்சிபுரத்தில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதுதான் இந்த ஊரின் தனிக்கதை.

பட்டு நெசவுக்காரர் வீட்டில் குழித்தறி தரையில் இருக்கும். பெயரே சொல்கிறதே: நெய்பவர் தரை மட்டத்தில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் இறக்கி மிதியை மிதிக்க வேண்டும். குழி தோண்ட மண் வேண்டும், மாடியில் மண் ஏது? அதனால் தறி கீழேதான். தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி உட்கார்வதால் கூரையும் சற்று உயரமாக வேண்டும். கோர்வைச் சேலை என்றால் தறியில் துணைக்கு இன்னொரு ஆள். கூடத்தின் பெரும்பகுதி தறிக்கே போய்விடுகிறது. மகனுக்குக் கல்யாணம் ஆனபோது கட்டிய அறை மாடியில். பேரப்பிள்ளை வந்தபோது கட்டிய குளியலறையும் அங்கேதான். வீடு வளர்ந்ததெல்லாம் மேல்நோக்கி. கீழே தறி அசையாமல் இருந்தது. நாற்பது ஐம்பது வருடம் அந்தக் குழிக்குள் மிதித்த கால்கள்தான் கடைசியில் அந்த மாடிப்படியின் முன்னால் வந்து நிற்கின்றன.

ஒரு வீட்டைக் கற்பனையாக எடுத்துக்கொண்டு கணக்குப் போடலாம். தறி ஓட்டுவதை நிறுத்திவிட்ட 74 வயது நெசவாளர். இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டது. படுக்கை மாடியில். படி இரண்டரை அடி அகலம், நடுவில் ஒரு திருப்பம், கடப்பா கல் பதித்தது. மகள் சென்னையில் வேலை பார்க்கிறாள். "நைனாவுக்கு அந்த சேர் போட்ரலாம்" என்று அவள்தான் முதலில் சொல்கிறாள்.

அளவெடுக்க வருபவர் முதலில் பார்ப்பது அகலத்தை. நாற்காலியை மடக்கினாலும் ஓர் அடிக்கு மேல் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டரை அடிப் படியில் மிச்சம் ஒன்றே கால் அடி. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு யாரும் ஏற முடியாது. அடுத்தது கல். தண்டவாளம் சுவரில் தொங்குவதில்லை. படிகளின்மேல் கால் ஊன்றி நிற்கும், அதற்குத் துளை போட வேண்டும். கடப்பா கல் பழையதாக இருந்தால் விரிசல் விடலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார். மூன்றாவது, படியின் அடிவாரம். முதல் படியைத் தாண்டித் தண்டவாளம் சற்று வெளியே நீளும். அங்கே கதவு திறக்கிறதா, தறிக்குப் போகும் வழி இருக்கிறதா? இருந்தால் முனை மடங்கும் தண்டவாளம் போட வேண்டும், அதற்குத் தனி விலை. இவ்வளவும் பார்த்து முடிக்கும்போது போனில் கேட்ட 6 லட்சம் நேரில் 7 லட்சமாகியிருக்கும்.

இதில் வரி வேறு. லிஃப்ட் இனத்து இயந்திரங்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். சக்கர நாற்காலிக்கு 5. தரையில் உருண்டால் ஒரு விகிதம், படியில் ஏறினால் இன்னொன்று.

வளைவுத் தண்டவாளத்துக்குப் பதில் குறைந்த செலவில் ஒரு வழி இருக்கிறது, எல்லா விற்பனையாளரும் தாமாகச் சொல்ல மாட்டார்கள். திருப்பத்துக்குக் கீழே ஒரு நேர் நாற்காலி, மேலே ஒரு நேர் நாற்காலி, இரண்டு போடுவது. நடுத் திண்டில் இறங்கி இரண்டு அடி நடந்து மாறி உட்கார வேண்டும். கொஞ்சம் நடக்க முடிகிறவருக்கு இது ஒத்துவரும். ஒருநாள் நடக்க முடியாமல் போனால், நட்ட நடுத் திண்டில் மாட்டிக்கொள்வார். எதிர்காலத்தைக் கணக்கில் எடுக்கிறவர்கள் இதைத் தவிர்ப்பதே நல்லது.

வாங்கின பிறகு என்ன செலவு என்பதை வாங்கும் முன் கேட்க வேண்டும். கரன்ட் பில்லைப் பற்றிக் கவலையே வேண்டாம்; நாற்காலி ஓடுவது பேட்டரியில், பேட்டரி ஏறுவது வீட்டு பிளக்கில். கரன்ட் போனாலும் சில தடவை ஏறி இறங்கலாம். அந்த பேட்டரியைச் சில வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வருடாந்தரப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்குச் சில ஆயிரம். எல்லாவற்றையும்விட முக்கியம், பழுது பார்க்கிறவர் எந்த ஊரிலிருந்து வருவார் என்பது. காஞ்சிபுரத்துக்கு இந்த விஷயத்தில் அதிர்ஷ்டம். சென்னை 75 கிலோமீட்டர்தான். உதிரிப் பாகம் மட்டும் கப்பலில் வரும். பழையதாக விற்றால் என்ன கிடைக்கும் என்று யோசிப்பவர்களுக்கு: நேர் நாற்காலிக்கு ஏதோ கிடைக்கலாம், வளைவுத் தண்டவாளம் இரும்புக் கடைக்குத்தான்.

பணம் யார் கொடுப்பது? இந்தக் கேள்விக்கு மற்ற நாடுகள் என்ன பதில் வைத்திருக்கின்றன என்று பார்த்தால் கொஞ்சம் பொறாமை வரும். இங்கிலாந்தில் உடல் இயலாதோர் வீட்டை மாற்றியமைக்க உள்ளாட்சி வழியாக 30,000 பவுண்டு வரை மானியம் உண்டு, வருமானத்தைப் பார்த்துத் தருவார்கள். வேல்ஸில் அது 36,000. ஜெர்மனியில் பராமரிப்புக் காப்பீட்டிலிருந்து இப்படிப்பட்ட வேலைக்கு 4,180 யூரோ வரை கிடைக்கும். பணக்கார நாடு என்பதாலேயே எல்லோரும் தந்துவிடுவதில்லை: அமெரிக்காவின் முதியோர் காப்பீடான மெடிகேர் ஸ்டேர்லிஃப்ட்டுக்குப் பணம் தருவதில்லை. சிங்கப்பூர் வேறு வழியில் போனது. அங்குள்ள அரசு அடுக்குமாடிகளில் பல பழைய கட்டடங்களில் லிஃப்ட் சில மாடிகளில் மட்டுமே நின்றது. மற்ற மாடிக்காரர்கள் இறங்கிப் படியேற வேண்டியிருந்தது. 2001இல் தொடங்கிய திட்டத்தில் முடிந்த இடங்களிலெல்லாம் ஒவ்வொரு மாடியிலும் லிஃப்ட் நிற்க ஏற்பாடு செய்தார்கள். குளியலறைக் கைப்பிடி, சறுக்காத தரை, சாய்தளம் போன்றவற்றுக்குத் தனித் திட்டத்தில் செலவில் 95 சதவீதம்வரை அரசே ஏற்கிறது. அங்குள்ள தமிழ்க் குடும்பங்களும் இதில் பயன்பெறுகிறவர்கள்தான்.

இங்கே என்ன உண்டு? ஒன்றிய அரசின் வயோஸ்ரீ திட்டம் 2017 ஏப்ரலில் வந்தது. ஏழை முதியோருக்குக் கைத்தடி, வாக்கர், சக்கர நாற்காலி, காது கேட்கும் கருவி, பல்செட், கண்ணாடி தருகிறார்கள். படியேறும் நாற்காலி அந்தப் பட்டியலில் கிடையாது. வருமான வரி கட்டுகிறவர் என்றால், பெற்றோருக்கு மாற்றுத்திறன் சான்றிதழ் இருந்தால், பழைய வரி முறையில் 80டிடி பிரிவின்கீழ் 75,000 ரூபாய்க்கும், கடுமையான குறைபாட்டுக்கு 1.25 லட்சத்துக்கும் கழிவு பெறலாம். சான்றிதழுக்குக் குறைந்தது 40 சதவீதக் குறைபாடு வேண்டும். வெறும் மூப்பு அதில் சேராது.

முதியோர் உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய். அதை ஒரு பைசா செலவழிக்காமல் சேர்த்தால், 3.5 லட்சத்துக்கு நேர்ப்படி நாற்காலி வாங்க 24 வருடம் ஆகும். திரும்பும் படி என்றால் அதைப்போல இரண்டு மடங்கு.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. முட்டியை மாற்ற அரசு உதவுகிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அரசு மருத்துவமனைகளில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொள்ள முடியும். செயற்கை முட்டியின் விலையைக்கூட ஒன்றிய அரசு 2017 ஆகஸ்டில் தலையிட்டுக் குறைத்தது. அதிகம் பயன்படும் கோபால்ட் குரோமியம் வகைக்கு அப்போது நிர்ணயித்த உச்ச விலை 54,720 ரூபாய். உடம்பைப் படிக்குத் தக்கபடி மாற்ற வழி இருக்கிறது, படியை உடம்புக்குத் தக்கபடி மாற்றத்தான் இல்லை. இது திட்டம் போடுபவர்களின் கல்நெஞ்சம் என்று சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்குள் இருக்கும் படி குடும்பத்தின் விஷயம் என்றே நாமும் நினைத்துவிட்டோம். தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் மக்கள்தொகையில் 13.6 சதவீதம் என்பது 2021க்கான அரசு மதிப்பீடு. இதில் கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்கு. குடும்பத்தின் விஷயம் என்று விட்டுவிடும் அளவுக்குச் சின்ன எண் இல்லை.

கோயில்கள் இந்தப் பிரச்சினையை முன்பே யோசித்துவிட்டன. பழனியில் 1966 முதல் விஞ்ச் ஓடுகிறது. சாய்வான தண்டவாளத்தில் இழுக்கப்பட்டு மேலே போகும் பெட்டிதானே அது? ஒருவகையில் தமிழ்நாட்டின் மிகப் பெரிய ஸ்டேர்லிஃப்ட். 2004இல் ரோப்காரும் வந்தது. சோளிங்கர் பெரியமலையில் யோக நரசிம்மரைப் பார்க்க 1,305 படி. 2024 மார்ச்சில் அங்கும் ரோப்கார் திறந்தார்கள். அதுவரை டோலியில் தூக்கிச் செல்வார்கள், அல்லது அடிவாரத்திலேயே கும்பிட்டுவிட்டுத் திரும்புவார்கள்.

சின்ன காஞ்சிபுரத்தில் வரதராஜப் பெருமாள் அத்திகிரி மேல் நிற்கிறார். ஏற வேண்டியது 24 படி, காயத்ரி மந்திரத்தின் எழுத்துக்கு ஒன்றாக. வீட்டு மாடியைவிட எட்டுப் படி அதிகம். முட்டி போனவருக்கு அந்த எட்டுதான் இமயம். 2019இல் அதே கோயிலின் அத்திவரதர் 40 வருடம் கழித்துக் குளத்திலிருந்து வெளியே வந்தபோது, ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 16 வரை 47 நாள் வசந்த மண்டபத்தில் காட்சி தந்தார். மலை ஏற வேண்டியதில்லை, வரிசையில்தான் நிற்க வேண்டும். நிற்க முடியாதவர்களுக்குச் சக்கர நாற்காலியும் பேட்டரி காரும் ஏற்பாடு செய்திருந்தார்கள்.

இந்த ஊரில் இன்னும் பழைய தீர்வு ஒன்று இருக்கிறது. சோளிங்கரில் வாழ்ந்த தொட்டையாச்சாரியார் வருடந்தோறும் காஞ்சி கருட சேவைக்கு வருகிறவர். ஒரு வருடம் முதுமையால் வர முடியவில்லை. அங்கே தக்கான் குளக்கரையில் நின்று உருகினாராம். பெருமாள் அங்கேயே வந்து சேவை சாதித்தார் என்பது ஐதீகம். இன்றும் வைகாசி கருட சேவையில், விடியற்காலை கோபுர வாசலில் பெருமாளைக் குடையால் ஒரு கணம் மறைப்பார்கள். அந்தக் கணம் அவர் சோளிங்கருக்குப் போய் வருவதாகக் கணக்கு. வர முடியாத கிழவரைத் தேடிச் சாமி போனதை ஆண்டுதோறும் நினைவில் வைத்திருக்கும் ஊர் இது.

அந்த வழியில் யோசித்தால், நெசவாளரை மாடிக்கு ஏற்றுவதைவிட மாடியில் இருப்பதைக் கீழே இறக்குவது மலிவு. படுக்கை, பீரோ, டிவி. கீழே கழிப்பறை இல்லையென்றால் அதுதான் உண்மையான செலவு. வெஸ்டர்ன் கிளாசட்டோடு கட்ட ஒன்றரை இரண்டு லட்சம் ஆகும். கைப்பிடிக் கம்பி ஒன்று சில நூறிலிருந்து இரண்டாயிரம். வீட்டுக்குள் முழு லிஃப்ட் வைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அதற்குப் பத்து லட்சத்தை ஒட்டித் தொடங்கும் விலை, ஸ்லாபில் ஓட்டை, உரிமம் என்று வேறு கதை. இரண்டு பக்கமும் கைப்பிடி, படி விளிம்பில் பளிச்சென்று பெயின்ட், நல்ல விளக்கு: வெறும் சில ஆயிரத்தில் இதைச் செய்தாலே இன்னும் சில வருடம் ஏற முடிகிறவர்கள் இருக்கிறார்கள். ஸ்டேர்லிஃப்ட் விசாரிப்பவர்கள் முதலில் இதைத்தான் செய்து பார்க்க வேண்டும்.

ஆனால் ஸ்டேர்லிஃப்ட் வீண் ஆடம்பரம் என்றும் தள்ளிவிட முடியாது. கீழே வாடகைக்கு விட்டிருக்கிற வீடு உண்டு. சமையலறையும் மனிதர்களும் மாடியில் இருக்க, கீழே ஒற்றை ஆளாகப் படுத்திருப்பவருக்கு மலிவான தீர்வே தண்டனையாகிவிடும். வெளிப்புறமாக நேராக ஏறும் படி உள்ள வீடுகளில், மழைக்குத் தாங்கும் வகை நாற்காலி நேர் விலையிலேயே முடியலாம். உட்காரவும் எழவும் முடிகிறவருக்கு, பொத்தானை நினைவில் வைத்துக்கொள்ளக் கூடியவருக்கு, அது அருமையான பொருள். அந்த இரண்டும் முடியாதவருக்கு ஏழு லட்சம் கொடுத்தும் பயனில்லை.

பிள்ளையார்பாளையத்துக் கற்பனை வீட்டுக்கே திரும்பினால், அங்கே கடைசியில் ஒரு தடைதான் மிச்சம். கீழே கட்டில் போட இடம் இருக்கிறது, அந்த இடத்தில் தறி இருக்கிறது. ஓடவில்லை. ஆறு வருடமாகப் பாவு ஏற்றவில்லை. தறியைக் கழற்றிச் சுவரில் சாய்க்க இரண்டு ஆள், ஒரு நாள் கூலி. குழியை மண் கொட்டி நிரப்பி மேலே டைல்ஸ் போட்டுவிடலாம் என்கிறார் மேஸ்திரி. மகளும் சரி என்கிறாள். பெரியவர்தான் மண் வேண்டாம் என்கிறார். தச்சரைக் கூப்பிட்டு அளவுக்குக் கனமான பலகை இரண்டு அடிக்கச் சொல்கிறார், தூக்கித் திறக்கிற மாதிரி, ஓரத்தில் வளையம் வைத்து. பலகைக்கும் கூலிக்குமாக ஐந்தாறாயிரம். கட்டில் அதன்மேல்.